இணைச்சீரை மறுபடி வேக வைத்த மதியம்

எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி கவிதா என்றொரு கல்லூரி ஆசிரியை இருக்கிறார். போன மாதம் ஒரு சனிக்கிழமை, திறந்த லேப்டாப்பை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, சுடுசோற்றுச் சட்டியைத் தூக்கி வருவதுபோல் என் வீட்டுக்குள் வந்தார். மகளுடைய பிறந்தநாள் வீடியோவை அவரே வெட்டி ஒட்டி, பாட்டும் சேர்த்து, எல்லாவற்றையும் ஒரே படமாக்கும் கடைசிப் பொத்தானையும் அழுத்திவிட்டாராம். அழுத்தியது காலையில். மதியம் ஆகியும் ஒன்பது சதவீதத்தில் நிற்கிறது.

"ஏனுங்க அக்கா, நீங்க இத்தன வருசம் இந்த வேலையிலதானுங்களே இருந்தீங்க? இது நகரவே மாட்டேங்குது, என்னன்னு பாருங்க."

பார்த்தேன். இரண்டு நிமிடத்தில் ஐந்து குற்றம் கண்டுபிடித்தேன். லேப்டாப்புக்குச் சார்ஜர் போடவில்லை. பேட்டரியில் ஓடும்போது அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வீடியோக்கள் எல்லாம் பென் டிரைவில் இருந்தன, முடிந்த படமும் அதே பென் டிரைவில் போய் விழவேண்டும் என்று வைத்திருந்தார்; ஒற்றை வாசலில் உள்ளே போகிறவரும் வெளியே வருகிறவரும் முட்டிக்கொண்டு நின்றார்கள். கேமராவில் எடுத்த புகைப்படங்களை அளவு குறைக்காமல் அப்படியே செருகியிருந்தார். எடுத்தது சாதாரண எச்டி, கேட்பதோ அதைப்போல் நாலு மடங்கு பெரிய ஃபோர்கே. எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே ஒரு கிராபிக்ஸ் கார்டு சும்மா உட்கார்ந்திருந்தது. அதை வேலைக்குக் கூப்பிடும் கட்டத்தில் டிக் போடவே இல்லை. எல்லாம் திருத்தி மறுபடி அழுத்தினேன். காப்பி குடித்து, அவர் கல்லூரிக் கதை இரண்டு கேட்பதற்குள் முடிந்துவிட்டது.

"இதையெல்லாம் எழுதி வெச்சீங்கன்னா எங்களுக்கு ஆகுமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எழுத உட்கார்ந்து பார்த்தேன். மேலே சொன்ன ஐந்தையும் எழுதியாகிவிட்டது, அதற்கு மேல் பட்டியல் போட எனக்கு வரவில்லை. வீடியோவைச் சீக்கிரம் முடிக்க எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே மதியத்தில் தெரிந்துகொண்டது. அந்த மதியத்தைத்தான் சொல்லத் தெரியும்.

நான் ஆத்தூர்க்காரி. கல்யாணமாகித் திருச்செங்கோட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரருக்கு போர்வெல் வண்டி கட்டும் பட்டறையில் வெல்டிங் வேலை. ஆறு மாதம் கம்ப்யூட்டர் வகுப்பு, கொஞ்ச நாள் ஒரு டைப்பிங் சென்டர், அங்கிருந்து அர்த்தநாரி அண்ணனின் ஸ்டுடியோ. என் படிப்பு அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு போன வருடம் ஓய்வு பெறும்வரை இந்த ஊரில் பாதிக் கல்யாணங்களை நான்தான் முடித்துக் கொடுத்தேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது.

எங்கள் ஸ்டுடியோவில் 'ரெண்டர்' என்ற வார்த்தையை வாடிக்கையாளர் முன்னால் மட்டும்தான் சொல்வோம். எங்களுக்குள் அது 'வேக வைக்கிறது'. "காதுகுத்து வெந்துருச்சுங்களா?" "வளைகாப்பு இன்னும் அடுப்புலதானுங்க இருக்குது." வெளியாள் யாராவது காதில் வாங்கினால் எங்களை என்ன ஜாதி மனிதர்கள் என்று நினைத்திருப்பாரோ தெரியாது.

இரண்டு மணி நேரக் கல்யாணம் வேக அன்றைக்கு ஐந்து மணி நேரம் ஆகும். அந்த ஐந்து மணி நேரத்துக்கு அண்ணன் சில முறைகள் வைத்திருந்தார். கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு, டேபிள் ஃபேனை அதற்கு நேராக வைக்கவேண்டும்; சூடு ஏறினால் வேகம் இறங்கும். அறையில் ஏசி இருந்தது, அதுவும் கம்ப்யூட்டருக்குத்தான், எனக்கில்லை. கேசட்டிலிருந்து இறக்கிய வீடியோ ஒரு டிஸ்கில், வெந்த படம் இன்னொரு டிஸ்கில். வேகும் படத்தைத் திரையில் ஓட விடக்கூடாது. அதைக் காட்டுவதற்கும் கம்ப்யூட்டர் உழைக்கவேண்டும். வைரஸ் தேடும் மென்பொருளை நிறுத்திவிட வேண்டும். அப்புறம் மௌஸை யாரும் தொடக்கூடாது, சும்மா நகர்த்தக்கூடக் கூடாது. இவற்றில் பாதிக்கு இன்றைக்கும் மாற்றில்லை. கவிதாவின் லேப்டாப்பில் நான் செய்ததும் கிட்டத்தட்ட இவைதான்.

அண்ணன் கத்திப் பேசி நான் கேட்டதில்லை. ஸ்டுடியோப் பூனையையே 'போங்க' என்றுதான் விரட்டுவார். எதையும் கட்டளையாகச் சொல்லமாட்டார், கேள்வியாகக் கேட்பார். டீ டம்ளரோடு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றால் கேள்வி வரப்போகிறது என்று அர்த்தம். கடைசிப் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் தவறாமல் மூன்று கேள்வி. இந்தப் பக்கம் வீட்டுப் பெண்பிள்ளைகளைக் கூப்பிடுகிற 'அம்மிணி'தான் எனக்கும்.

"சத்தமில்லாமப் பாத்தீங்ளா, அம்மிணி?"

"பாத்துட்டேன் அண்ணா."

"பாக்காம, சத்தம் மட்டும் கேட்டீங்ளா?"

"கேட்டுட்டேன்."

"எங்கிட்டக் காட்டிட்டீங்ளா?"

மூன்றாவதற்குப் பதில் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். தேவையில்லாத தாமதம் என்று எனக்கு உள்ளுக்குள் எரிச்சலாக இருக்கும். எல்லாம் சரியாகத்தானே செய்கிறேன், இவர் வேறு எதற்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்று.

நான் சேர்ந்து மூன்றாவது மாதம் கார்த்தி என்ற பையனின் கல்யாணம் வந்தது. முழுக் கல்யாணம் ஒன்றை நான் தனியாக எடிட் செய்தது அதுதான் முதல். கார்த்தியின் அப்பா போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலை பார்த்தவர். வடக்கே எங்கேயோ போர் போடும்போது இரும்புக் குழாய் சரிந்து இடுப்பில் விழுந்து, பல மாதமாகப் படுத்த படுக்கை. மகன் கல்யாணத்துக்கு மண்டபத்துக்குக்கூட அவரால் வர முடியவில்லை. கல்யாணம் முடிந்த மறுவாரம் கோயம்புத்தூரில் ஆபரேஷன். அதற்கு முதல் நாள் மூன்று மணிக்கு வண்டி கிளம்பும், அதற்கு முன் அப்பா வீடியோவைப் பார்க்கவேண்டும் என்று கார்த்தி கேட்டிருந்தான். ஒரு மணிக்கு வந்து டிவிடியை வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார் அண்ணன்.

அன்றைக்கு அண்ணனுக்கு எடப்பாடியில் ஒரு முகூர்த்தம் படம் பிடிக்க வேண்டியிருந்தது. முந்தின நாள் மாலை என் வேலை பாதிதான் முடிந்திருந்தது.

"அலங்காரம் ஒண்ணும் வேண்டாமுங்க அம்மிணி. உள்ளதை வரிசையா வெச்சு வேக வெச்சுருங்க, போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் கேட்டால்தானே. அப்போது புதிதாக ஒரு டெம்ப்ளேட் வந்திருந்தது. இதய வடிவத்தில் ஒரு சட்டம், அதற்குள் ஜோடி, சுற்றிலும் ரோஜா இதழ்கள் உதிரும், பின்னணியில் காதல் பாட்டு. அதை இந்தக் கல்யாணத்தில் போட்டு அண்ணனை அசத்திவிட வேண்டும் என்று எனக்கு ஒரே ஆசை. கிளிப்புகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்க அந்தக் கம்ப்யூட்டர் திணறும். அதனால் தபால்தலை அளவில் தெரியும் சிறு படங்களைப் பார்த்தே பொறுக்கினேன். ஒன்றில் மாப்பிள்ளையும் பட்டுச்சேலையில் ஒரு பெண்ணும் மாலையோடு பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். அவன் கையிலிருந்து அவள் கைக்கு ஒரு சேலை இணைத்திருந்தது. எங்கள் ஆத்தூர்ப் பக்கம் துணியால் இணைத்து இரண்டு பேரை நிறுத்தினால் அது மாப்பிள்ளையும் பெண்ணும்தான். நாலு நிமிடத்தையும் தூக்கி இதயத்துக்குள் போட்டேன். காலை ஏழு மணிக்குப் பொத்தானை அழுத்தினேன். மூன்று கேள்விகளையும் நானே கேட்டு நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

பன்னிரண்டுக்கெல்லாம் வெந்துவிட்டது. டிவிடியும் எழுதி முடித்து, அட்டைப்பெட்டியில் பெயர் எழுதி வைத்துவிட்டு ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மணிக்குக் கார்த்தி வந்தான். கூட ஒரு பெண். எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது.

"எங்க அக்காங்க. பூங்கொடி" என்றான்.

கொடுப்பதற்கு முன்னால் டிவியில் கொஞ்சம் ஓட்டிக் காட்டுவது வழக்கம். ஓட்டினேன். நல்ல இடமாகக் காட்டுவோம் என்று நேராக அந்த இடத்துக்கே கொண்டுபோனேன். இதயம் வந்தது, ரோஜா இதழ் கொட்டியது, காதல் பாட்டு எடுத்தது. இதயத்துக்குள் கார்த்தியும், என் எதிரில் நிற்கிற அவன் அக்காவும்.

எங்கேயோ பார்த்த முகம் எது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. காலடியில் தரை பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

"ஏனுங்க, இது எங்க இணைச்சீருங்க" என்றான் கார்த்தி.

இந்தப் பக்கத்துக் கல்யாணம் தெரிந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தாலி கட்டுவதற்கு முன்னால், மாப்பிள்ளையோடு கூடப் பிறந்தவள் பட்டும் மாலையுமாக அவன் பக்கத்தில் நிற்பாள். மணப்பெண்ணுக்கு எடுத்த கூறைச்சேலையால் இருவரையும் இணைப்பார்கள். உனக்கு ஒருத்தி வருகிறாள், ஆனாலும் இவள் உன் உடன்பிறப்பு, இவளை விட்டுவிடாதே என்பதுதான் அந்தச் சீரின் அர்த்தம். கூடப்பிறந்தவளுக்கு அதைவிடப் பெரிய மரியாதை அந்தக் கல்யாணத்தில் கிடையாது. அதற்குத்தான் நான் காதல் பாட்டுப் போட்டிருந்தேன்.

பூங்கொடி திட்டவில்லை. சிரித்துவிடுவாள் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

கார்த்திதான் சொன்னான். பூங்கொடி தானாக ஒருவரைப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டவள். எடப்பாடியில் இருக்கிறாள், கணவருக்குத் தறி வேலை. அப்பா அவளோடு பேசி ஏழு வருடம் ஆகிறது. வீட்டில் அவள் பேரை எடுக்கக்கூடாது. இணைச்சீருக்குப் பெரியப்பா மகளை நிறுத்திவிடலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னபோது, "எங்கக்கா நிக்காட்டி எனக்குக் கல்யாணமே வேண்டாம்" என்று கார்த்தி ஒற்றைக் காலில் நின்றிருக்கிறான். அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாராம்.

"கல்யாணம் முடிஞ்சு ஒரு வார்த்தை கேக்கலீங்க அவரு. யாரு நின்னாங்கன்னும் கேக்கலை. 'ஆசுபத்திரி போறதுக்குள்ள சீடி பாக்கோணும்'னு மட்டும் சொன்னாருங்க. எதுக்குச் சொல்றாருன்னு எனக்குத் தெரியுமுங்க."

எனக்கும் தெரிந்துவிட்டது. ஏழு வருடம் கழித்து அந்த மனிதர் மகளைப் பார்க்கப்போவது இந்த நாலு நிமிடத்தில்தான். அதை இந்தக் கோலத்தில் பார்த்தால் மகளைக் கேலி செய்து அனுப்பியிருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார். நாளைக்கு ஆபரேஷன். பிழைத்து வருவாரா, வந்தாலும் இன்னொரு முறை கேட்பாரா, யார் கண்டது?

மணி ஒன்றே கால். முழுக்க வேக வைக்க ஐந்து மணி நேரம் வேண்டும். எடப்பாடிக்கு அண்ணனைப் போனில் கூப்பிட்டேன். நாதஸ்வரச் சத்தத்துக்கு நடுவே அழுதுகொண்டே சொன்னேன். முழுவதும் கேட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"தப்பானது எத்தன நிமிசமுங்க, அம்மிணி?"

"நாலு நிமிசம் அண்ணா."

"நாலு நிமிசத்துக்கு எதுக்குங்க ரெண்டு மணி நேரத்தையும் மறுபடி அடுப்புல ஏத்தறீங்க?"

போனை வைத்துவிட்டார்.

அழுகையை நிறுத்திவிட்டு யோசித்தேன். வெந்த படத்தை வெட்டலாம். காட்சி மாறுகிற இடமாகப் பார்த்து வெட்டினால் மறுபடி வேக வைக்கத் தேவையில்லை; இருக்கிறதை அப்படியே நகல் எடுத்துப் பிரித்துக் கொடுக்கும், சில நிமிட வேலை. இணைச்சீருக்கு முந்தியது ஒரு துண்டு, பிந்தியது ஒரு துண்டு. நடுவில் இருக்கும் நாலு நிமிடத்தை மட்டும் புதிதாக வேக வைத்து மூன்றையும் வரிசையாக டிவிடியில் வைத்தால் பார்ப்பவர்களுக்கு ஒட்டுத் தெரியாது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். புதுத்துண்டின் அளவு, வேகம், சத்தத்தின் வகை எல்லாம் பழைய துண்டுகளைப் போலவே அச்சாக இருக்கவேண்டும். ஒன்று மாறினாலும் டிவிடி மென்பொருள் மொத்தத்தையும் மறுபடி வேக வைக்கக் கிளம்பிவிடும். ஒவ்வொரு எண்ணையும் காகிதத்தில் எழுதி, விரல் வைத்து ஒத்துப் பார்த்தேன்.

இதயத்தை எடுத்தேன், இதழ்களை எடுத்தேன். பாட்டை மாற்றலாமா என்று தேடும்போது பின்னாலிருந்து பூங்கொடி சொன்னாள்.

"பாட்டு எதும் வேண்டாமுங்க்கா. அங்க என்ன சத்தம் இருந்துச்சோ அதயே உட்ருங்க."

விட்டேன். கேசட்டில் இருந்த சத்தம் வெளியே வந்தது. மேளம், குழந்தைகள் கத்தல், நடுவில் சீர் செய்கிற அருமைக்காரரின் குரல்: "பூங்கொடி, வா சாமி. தம்பி பக்கத்துல வந்து நில்லு." நான் பாட்டுப் போட்டு அமுக்கியிருந்தது இந்தக் குரலைத்தான்.

சத்தமில்லாமல் ஒருமுறை பார்த்தேன். பார்க்காமல் ஒருமுறை கேட்டேன். பிறகு நாற்காலியை நகர்த்திக்கொண்டு, "காட்டறேன், பாருங்க" என்று அக்கா தம்பி இருவரையும் உட்கார வைத்தேன். அவர்கள் சரி என்ற பிறகுதான் பொத்தானில் கை வைத்தேன். அலங்காரம் எதுவும் இல்லாததால் நாலு நிமிடப் படம் ஐந்து நிமிடத்தில் வெந்துவிட்டது. மூன்று துண்டையும் சேர்த்து டிவிடி எழுதி முடிக்கும்போது மணி இரண்டு இருபது.

அன்று சாயங்காலம் அண்ணன் வந்து டீ டம்ளரோடு என் பின்னால் நின்றார். "இனிமே எப்படிங்க செய்யலாம்?" என்று கேட்டார். "ஒவ்வொரு சீரையும் தனித்தனித் துண்டா வேக வெக்கறேன் அண்ணா" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை எந்தக் கல்யாணத்தையும் நான் மொத்தமாக அடுப்பில் ஏற்றியதில்லை. முகூர்த்தக்கால் ஒரு துண்டு, இணைச்சீர் ஒரு துண்டு, தாலி ஒரு துண்டு. நடுவில் மின்சாரம் போனால் ஒரு துண்டோடு போயிற்று. பெரிய மாமா பேரைத் தப்பாகப் போட்டால் ஒரு துண்டைத் திருத்தினால் போதும். கம்ப்யூட்டர்கள் எத்தனையோ மாறின, இந்த முறை மாறவில்லை. எங்கள் ஊரில் மற்ற ஸ்டுடியோக்காரர்கள் ஒரு வாரம் கேட்கிற வேலையை நான் இரண்டு நாளில் கொடுத்த ரகசியம் இதுதான். வீட்டில் வீடியோ செய்கிறவர்களும் தாராளமாக இப்படிச் செய்யலாம்.

அது சாயங்காலக் கதை. மதியம் இன்னும் முடியவில்லை.

கார்த்தி டிவிடியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பைக்கில் பறந்தான். சங்ககிரி ரோட்டில் பத்து நிமிடத்தில் வீடு. பூங்கொடி போகவில்லை. அந்த வீட்டுக்குள் அவள் காலெடுத்து வைத்து ஏழு வருடம். எடப்பாடி பஸ்ஸுக்கு நேரமாகும் வரை இருக்கிறேன் என்று என் அறையிலேயே உட்கார்ந்தாள். ஒரு பஸ் போனது, எழுந்திருக்கவில்லை. இன்னொன்று போன சத்தத்தையும் கேட்காததுபோல் இருந்தாள். காலையிலிருந்து எதுவும் சாப்பிட்ட முகமாகத் தெரியவில்லை. என் டிபன் டப்பாவைத் திறந்து நீட்டினேன், வேண்டாம் என்று தள்ளினாள். இரண்டு பேரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவள் செல்போன் அடித்தது. அவசரத்தில் தவறான பொத்தானை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள். அதனால் நானும் கேட்டேன்.

"அக்கா, அந்த நாலு நிமிசத்தயே மூணு தடவ போடச் சொன்னாருக்கா. மத்ததெல்லாம் வேண்டாம்னுட்டாரு" என்றான் கார்த்தி.

"என்ன சொன்னாரு?"

"இப்பத்தான், 'அம்மிணி சோறு உண்டுச்சாடா?'ன்னு கேக்கறாரு. என்னக்கா சொல்லட்டும்?"

பூங்கொடி போனை மடியில் வைத்துக்கொண்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு எடுத்து, "இன்னும் சோறு உங்கலைன்னு சொல்லுடா" என்றாள்.

அந்தப் பக்கம் அவன் சொல்வதும், யாரோ இருமுவதும், தொலைவில் ஒரு கட்டைக்குரல் ஏதோ பேசுவதும் கேட்டது. கார்த்தி மறுபடி போனுக்கு வந்தான். அவனும் அழுதுகொண்டிருந்தான்.

"அக்கா, வண்டிய நிக்கச் சொல்லிட்டாரு. நீ ஊட்டுக்கு வந்து உண்டாத்தான் கெளம்புவாராமா."

அவள் செருப்பை மாட்டவும் மறந்து படியிறங்கி ஓடினாள். நான்தான் பின்னால் எடுத்துக்கொண்டு ஓடி, ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். மூன்று மணிக்குள் முடிக்கவேண்டும் என்று நிமிடம் நிமிடமாக நான் பிடித்து இழுத்த வேலை. அந்த மனிதர் நாலேகால் வரைக்கும் வண்டியை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தாராம்.